மபார்கா கூடப் போட்ட இரண்டு பிடி

அல்ஜியாவின் வாய்க்குப் பயந்து, தூனிஸில் அவள் தெருமுனைக் காய்கறிக்காரன் அவள் தலையைப் பார்த்ததுமே அழுகல் தக்காளியைக் கூடைக்கு அடியில் தள்ளிவிடுவான். மீன்காரன் இன்னும் உஷார். ஐஸில் இரண்டு நாள் கிடந்த மீன் என்றால், "அக்கா, இன்னைக்கு உங்களுக்கு வேணாம், நாளைக்கு வாங்க" என்று தானே சொல்லிவிடுவான். கல்யாணமாகி வந்த நாற்பத்து மூன்று வருஷத்தில் அவள் யாரையும் அடித்ததில்லை, யாருடைய பொருளையும் தொட்டதில்லை. வாய்தான்.

பிறந்தது தெற்கே காபெஸில். ஒரு பக்கம் பேரீச்சந்தோப்பு, ஒரு பக்கம் கடல். இருபது வயதில் ரயில் பட்டறை மெக்கானிக் ஒருவரைக் கட்டிக்கொண்டு தூனிஸுக்கு வந்தாள். இரண்டே அறை வீட்டில் நாலு பிள்ளைகளை வளர்த்து, மூன்றைக் கரையேற்றி, கணவரையும் மண்ணுக்கு அனுப்பிவைத்துவிட்டு, இப்போது கடைசி மகள் சிஹாமோடு இருக்கிறாள். அவளைப் பற்றி எழுத இவ்வளவுதான் இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அவள் அக்கா மபார்காவை அவர்களுக்குத் தெரியாது.

இவர்கள் அம்மா வீட்டில் ஒரு வழக்கம். சாப்பாட்டை யாரும் வாய் திறந்து புகழக் கூடாது. புகழ்ந்தால் கண் பட்டுவிடும். அடுத்த முறை குழம்பு திரியும், மாவு உப்பாது. மற்ற வீடுகளில் மாஷா அல்லா என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும் என்பார்கள். இவர்கள் அம்மாவுக்கு அந்த ஏற்பாட்டில் நம்பிக்கை போதவில்லை. ஆகவே நன்றாக இருந்தால் குறை சொல்ல வேண்டும். ரொம்ப நன்றாக இருந்தால் ரொம்பக் குறை சொல்ல வேண்டும். "நல்லா இருக்கு" என்பது விருந்தாளிகள் சொல்கிற வார்த்தை. அதைக் கேட்டால் அம்மா அடுப்படிக்குப் போய், என்ன கெட்டுப்போச்சு என்று சட்டியை முகர்ந்து பார்ப்பாள்.

அல்ஜியா தூனிஸுக்கு வந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் காபெஸிலிருந்து ஒரு துணி மூட்டை வரும். உள்ளே ஒரு வருஷத்துக்கு வேண்டிய தாபில் பொடி. மல்லி மூன்று பங்கு, சீமைச்சீரகம் ஒரு பங்கு, காயவைத்த பூண்டு, கொஞ்சம் மிளகாய், கொஞ்சம் உப்பு. எல்லா வீட்டிலும் இதே சாமான்தான். ஆனால் கை அளவு வீட்டுக்கு வீடு வேறு. முதலில் அம்மா அனுப்பினாள். அம்மா போன பிறகு, அந்த வீட்டிலேயே இருந்த மபார்கா. ஆகஸ்டு வெயிலில் மல்லியைக் கல் பொறுக்கி, கழுவி, மொட்டைமாடியில் பழைய விரிப்பில் காயப்போட்டு, மில்லில் அரைத்து, தூனிஸ் போகிற வேன் டிரைவர் கையில் கொடுத்துவிடுவாள்.

மூட்டை வந்ததும் அல்ஜியா முடிச்சை அவிழ்த்து, முகத்தை உள்ளே விட்டு ஒரு இழு இழுப்பாள். வீடு, அம்மா, மாடி வெயில் எல்லாம் மூக்கு வழியே ஏறும். உடனே போன்.

"மல்லிய காயவச்சியா இல்ல சுட்டியா? கரிக்கட்டை வாசம் வருது."

"உன் நாக்கு செருப்புத் தோலா போயிருக்கும். தூனிஸ் தண்ணி குடிச்சா அப்படித்தான்."

அரை மணி நேரம் இப்படிப் போகும். வைக்கும்போது இரண்டு பேருக்கும் வயிறு நிறைந்திருக்கும்.

ஊரெல்லாம் காய்ச்சலில் கிடந்த அந்த வருஷம் மபார்காவும் பதினைந்து நாள் படுத்திருந்து எழுந்தாள். அந்த செப்டம்பரில் வந்த மூட்டையை அல்ஜியா அவிழ்த்தாள். சீமைச்சீரகம் மூக்கில் குத்தியது. மல்லியைக் காணோம். அவள் போன் போட்டு, "இது தாபிலா, வயித்துவலி மருந்தா?" என்றாள். அந்தப் பக்கமிருந்து "இந்த வருஷம் விதை அப்படி" என்று மட்டும் வந்தது.

அடுத்த வருஷம் இன்னும் மோசம். அதுவும், சிஹாமைப் பெண் கேட்க வந்தவர்களுக்கு அல்ஜியா அந்தப் பொடியைப் போட்டுத்தான் கூஸ்கூஸ் செய்தாள். புது மூட்டையை முகராமல் எடுத்துக் கொட்டியது அவள் அவசரம். வந்தவர்கள் இரண்டு கரண்டியோடு தட்டை நகர்த்திவைத்து, "நல்லா இருக்கு" என்றார்கள். சம்பந்தம் வேறு காரணத்தால்தான் தட்டிப்போயிற்று. ஆனாலும் அன்று சாயங்காலம் அல்ஜியா கோபம் தீராமல் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"இனிமே அனுப்பாத. சிஹாம் கடையில பாக்கெட்டு வாங்குறா. அதுவே சுத்தமா இருக்கு."

"சரி," என்றாள் மபார்கா.

அந்தச் "சரி"யில் அல்ஜியாவுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். அறுபது வருஷமாகப் பதிலுக்குப் பதில் கொடுத்தே பழகியவள் வெறும் சரி சொல்லிவிட்டுப் போனை வைக்கிறாள் என்றால், என்னவோ ஏதோ என்று ஓடியிருக்க வேண்டும். இவள் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

அடுத்த செப்டம்பரில் மூட்டை வரவில்லை. அதற்கடுத்த செப்டம்பரிலும் வரவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் போனில் பேசினார்கள். எப்படி இருக்க, பிள்ளைங்க எப்படி, அல்லாவுக்கு நன்றி, வச்சிடுறேன். பக்கத்து வீட்டு நஸீமா பேசுவதுபோல மரியாதையாக. பாக்கெட்டுப் பொடி மரத்தூளுக்குச் சாயம் போட்டதுபோல இருந்தது. அதைவிட அந்த மரியாதைதான் அல்ஜியாவுக்கு இறங்கவில்லை. திரும்ப அனுப்பு என்று கேட்க நாக்கு வரவில்லை. திட்டுவதற்கு எவ்வளவோ நீளும் நாக்கு, கேட்பதற்கு மட்டும் அரை அங்குலம்.

மூன்றாவது ஆகஸ்டில் ஒரு யோசனை செய்தாள். காபெஸுக்குப் போவது. அக்கா வீட்டுக்கு நேராகப் போகாமல் முதலில் ஜாரா சந்தையில் மல்லியும் சீமைச்சீரகமும் வாங்குவது. மூட்டையோடு போய், "நான் கழுவுறேன், நீ அளவு போடு" என்று உட்கார்ந்துவிடுவது. மன்னிப்பு என்ற சொல்லைத் தொடாமலே காரியம் முடிந்துவிடும்.

ஆறு மணி நேரம் வேனில், ஒரு பக்கம் கோழிக்கூடை, ஒரு பக்கம் தூக்கத்தில் தோளில் சாய்கிற பட்டாளத்துக்காரன். அம்மாவை அடக்கம் செய்த பிறகு பதினோரு வருஷமாக அவள் ஊருக்கு வந்ததில்லை. சந்தை வாசலில் இறங்கியதும் மருதாணித் தூளின் பச்சை வாசம் வந்து மோதியது. மிளகாய்ச் சரங்கள், கருவாடு, சாம்பிராணி, பேரீச்சை ஓலையில் முடைந்த கூடைகள். எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. மாறியது அவள்தான் போலிருக்கிறது. முதல் கடை மீசைக்காரன் அவள் கைப்பையையும் மூக்குக்கண்ணாடியையும் பார்த்து, "வாங்க மேடம்" என்று பிரெஞ்சில் கூப்பிட்டு, ரோஜா மொட்டை முகத்துக்கு நேரே நீட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தி, அசல் குங்குமப்பூ இருப்பதாகச் சொல்லிச் சிவப்பாக ஒரு டப்பாவைத் திறந்தான். விலையைச் சொன்னபோது அவனுக்கே கொஞ்சம் கூச்சம் வந்தது.

"இது துணிக்குச் சாயம் போடுற பூ," என்றாள் அல்ஜியா. "உங்க அம்மா இதப் போட்டுத்தான் உனக்குச் சோறாக்கினாளா? அதான் இப்படி வளந்திருக்க."

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். மீசைக்காரன் டப்பாவை மூடிவிட்டு, "ஊர்க்காரம்மான்னு முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று முணுமுணுத்தான். அவள் வாய் திறக்கும்வரை அந்தச் சந்தையில் யாருக்கும் அது தெரியவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் வலித்தது.

பெல்காசெம் கடை உள்ளே, மூன்றாவது வளைவுக்குக் கீழே. அவர் அப்பாவிடமிருந்துதான் இவர்கள் அம்மா வாங்கினாள், அவரிடமிருந்து மபார்கா. எழுபது வயது இருக்கும். காது ஓரத்தில் ஒரு கொத்துத் துளசியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அல்ஜியா சலாம்கூடச் சொல்லாமல் மல்லிச் சாக்கில் கைவிட்டு, நாலு விதையை விரலில் நசுக்கி, முகர்ந்தாள்.

"போன வருஷத்து மல்லி."

பெல்காசெம் நிமிர்ந்து பார்த்தார். "அதை இங்க கண்டுபிடிக்கிற மூக்கு ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு மபார்காது. நீ தூனிஸ்காரி அல்ஜியா. உன் கல்யாணத்துக்கு உங்க அம்மா எங்க கடையிலேருந்து எடுத்த மஞ்சளைச் சரியில்லன்னு திருப்பிக் கொடுத்தா."

"சரியில்லதான்."

அவர் பின்னாலிருந்து புது மல்லியை எடுத்துக் காட்டினார். அது சரியாக இருந்தது; அவள் அதற்கும் ஒரு குறை சொன்னாள். எங்கள் வீட்டு அளவுப்படி எல்லாவற்றையும் நிறுத்துக் கொடுங்கள், அக்காவிடம் எடுத்துப் போகிறேன் என்றாள். பெல்காசெமின் கை தராசிலேயே நின்றது. தூசு இல்லாத தட்டைத் துணியால் துடைத்தார். பிறகு, மபார்கா இப்போது எதுவும் கலப்பதில்லை, உனக்குத் தெரியாதா என்று கேட்டார்.

"அவளுக்கு என்ன வந்தது?"

சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறாள் என்று ஆரம்பித்து, அவர் சொல்லியும் விட்டார். காய்ச்சலுக்குப் பிறகு மபார்கா கடைக்கு வந்தாள். எப்போதும்போல விதையை நசுக்கினாள், முகர்ந்தாள், தலையாட்டினாள். அன்று அவர் கைத்தவறுதலாகச் சீமைச்சீரகச் சாக்குக்குப் பதில் சாதாச் சீரகச் சாக்கை நகர்த்தி வைத்திருந்தார். அதையும் நசுக்கி முகர்ந்துவிட்டு, வாசம் நல்லா இருக்கு, கட்டுங்க என்றாள். மபார்காவே நல்லா இருக்கு என்றாள். பெல்காசெம் சாக்கை மாற்றிக் கட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரிந்தது அவளுக்கும் புரிந்துவிட்டது.

"நான்தான் அவளுக்காக மோந்து பார்த்துச் சொல்வேன். அளவு போதும்னுதான் சொன்னேன். கேக்கல. 'என் மூக்குக்குத் தெரியல, வாசம் குறைஞ்சா தங்கச்சி ஒத்துக்க மாட்டா'ன்னு அவளே சீமைச்சீரகத்த ரெண்டு பிடி கூடப் போட்டா. அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு பிடி. அப்புறம் ஒரு நாள் வந்து, எனக்கு இனிமே மல்லி எடுத்து வைக்காதீங்க, தங்கச்சி பாக்கெட்டு வாங்குறான்னு சொல்லிட்டுப் போயிட்டா."

அல்ஜியா சாக்கு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயித்துவலி மருந்து. சுத்தமான பாக்கெட்டு. அவளே சொன்ன வார்த்தைகள், ஒவ்வொன்றாக. பெல்காசெம் முக்காலியை நகர்த்தினார், அவள் உட்காரவில்லை. "நிறுங்க," என்றாள். எடுத்துக் கட்டும்போது அவர், நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே என்றார். அவளும் சத்தியம் செய்தாள்.

மபார்கா கதவைத் திறந்ததும் முகம் வெளுத்தது.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல."

"அப்ப எதுக்கு வந்த?"

"எங்கம்மா வீட்டுக்கு வர எழவு விழணுமா?"

அது பழைய மாதிரி இருந்தது. மபார்காவின் வாயோரம் லேசாக நகர்ந்தது. அக்கா இளைத்திருந்தாள். மகன்கள் இரண்டு பேரும் பிரான்ஸில். வீடு துடைத்துவைத்ததுபோல் இருந்தது. ஆனால் அடுப்புப் பக்கத்தில் ஓர் அலாரக் கடிகாரம். முன்பு அது அங்கே இருந்ததில்லை. வாசத்தை வைத்துச் சமைத்தவள் மணியை வைத்துச் சமைக்கிறாள் என்று அல்ஜியாவுக்குச் சொல்லாமலே விளங்கியது.

மபார்கா காபி போட்டாள். வழக்கம்போல ஆரஞ்சுப் பூத் தண்ணீர் விட்டாள். சில சொட்டுப் போதும். பாட்டிலைக் கவிழ்த்திருப்பாள் போலிருந்தது. ஒரு வாய் வைத்ததும் அல்ஜியாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. சோப்புத் தண்ணீரைக் குடிப்பதுபோல. நாக்கு நுனிவரை வந்ததை அப்படியே விழுங்கினாள். காபியையும் விழுங்கினாள். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தாள். நல்ல காரியம் செய்துவிட்டதாக அவளுக்கு ஒரு நினைப்பு.

மூட்டையைப் பற்றிப் பேச்செடுக்க வாய் திறந்தபோது அடுப்படியிலிருந்து தீய்ந்த வாசம் வந்தது. மீன் குழம்பு அடிபிடிக்கிறது. கடிகாரம் அடிக்கவில்லை. மபார்கா போனில் பேரப்பிள்ளைகளின் படத்தைக் காட்டிக்கொண்டே இருந்தாள். அல்ஜியா எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போய், சட்டியை மெதுவாக இறக்கிவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வந்து உட்கார்ந்தாள்.

மபார்கா போனை மடியில் கவிழ்த்துவைத்தாள்.

"தீஞ்சுடுச்சா?"

"இல்ல. தண்ணி குடிக்கத்தான்."

"பெல்காசெம் சொல்லிட்டான்."

"அவர் எங்க சொன்னாரு? நான் அவரைப் பாக்கவே—"

"அவன் துணியில கட்டின மூட்டை உன் காலடியில கிடக்கு," என்றாள் மபார்கா. குரல் உயரவில்லை. "அது இல்லாட்டியும் தெரியும். நீ அந்தக் காப்பியப் பேசாம குடிச்சியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. பொறந்ததுலேருந்து நீ என் கையால ஒரு வாய் பேசாம குடிச்சிருக்கியா?"

அல்ஜியா அவசரமாக வாயைத் திறந்தாள். "அந்தக் காப்பியா? அதுல பூத் தண்ணிய ஊத்தி வச்சிருக்க, குடிக்கவா, குளிக்கவா—"

"இப்ப வேணாம் அல்ஜியா."

போனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மபார்காவே சொன்னாள். "நீ திட்டினப்ப, பொடியிலதான் குறைன்னு இருந்துச்சு. விதை சரியில்ல, வெயில் சரியில்லன்னு சொல்லிக்கலாம். நீ வாய மூடிக்கிட்டா குறை எங்கிட்டன்னு ஆயிடுது."

அல்ஜியா எழுந்து போய்ச் சட்டியை எடுத்து வந்தாள். இரண்டு பேரும் தீய்ந்த குழம்பை மேலாக எடுத்து ரொட்டியோடு சாப்பிட்டார்கள்.

ஐந்து நாள் தங்கினாள். மூட்டையை மபார்கா திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அளவும் போடவில்லை. "நீயே கலந்துக்க, அளவு உனக்குத் தெரியும்" என்றாள். விரிப்பை எடுத்துக் கொடுத்தாள். நிழலில் உட்கார்ந்து கல் பொறுக்கினாள். விரல்கள் இன்னும் வேகமாகத்தான் இருந்தன. அல்ஜியா கழுவினாள், காயவைத்தாள், மில்லுக்குத் தூக்கிப் போனாள். திரும்பி வந்து மூட்டையை அவிழ்த்ததும் அம்மாவின் வாசம் வீடு முழுக்க நின்றது. மபார்கா கையை நீட்டினாள். அல்ஜியா ஒரு சிட்டிகை வைத்தாள். மபார்கா பழக்கத்தில் மூக்குவரை கொண்டுபோனாள். கையை இறக்கி, பொடியை மூட்டையிலேயே தட்டிவிட்டாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

நன்றாக இருக்கிறது என்றால் அந்த வீட்டில் அது வசவு. குறை சொன்னால் இரக்கப்பட்டுச் சொல்வதாக அக்கா கண்டுபிடித்துவிடுவாள். "உப்பு கம்மி," என்றாள் கடைசியில். மபார்கா சிரிக்கவில்லை. உப்பு ஜாடியை எடுத்து நீட்டினாள்.

அடுத்த வருஷம் அல்ஜியா தூனிஸ் வீட்டு மாடியிலேயே மல்லி காயப்போட்டாள். மாடி வீட்டுக்காரியோடு இரண்டு சண்டை. இந்த முறை மூட்டை தெற்கே போகட்டும் என்று அரைத்த பொடியில் சரிபாதியைக் கட்டி, வேன் டிரைவர் கையில் கொடுத்து, கோழிக்கூடைக்குப் பக்கத்தில் வைக்காதே என்று நாலு தடவை சொல்லி அனுப்பினாள். வேண்டுமென்றே பூண்டை ஒரு பிடி கூடப் போட்டிருந்தாள். மபார்காவுக்கு மூக்கு போனாலும் நாக்கு இருக்கிறதே. பூண்டு காரலாவது உறைக்குமே. திட்டுவதற்கு அவளுக்கு ஏதாவது வேண்டாமா?

மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. அல்ஜியா ஈரக் கையோடு எடுத்தாள். பதிலுக்கு என்ன சொல்ல வேண்டும் என்றுகூடத் தயாராக வைத்திருந்தாள்.

"மூட்டை வந்து சேந்துச்சு," என்றாள் மபார்கா. "ரொம்ப சிரமப்பட்டிருக்க."

"பூண்டு பாத்தியா? பூண்டு எப்படி இருக்கு?"

"எல்லாம் நல்லா இருக்கு."

பிள்ளைகள் எப்படி என்று கேட்டாள். சிஹாமுக்கு வரன் ஏதாவது அமைந்ததா என்று கேட்டாள். அல்லாவுக்கு நன்றி, வச்சிடுறேன் என்றாள்.

அல்ஜியா அடுப்படிக்குப் போய்த் தன் பாதிப் பொடி இருந்த ஜாடியைத் திறந்து, அம்மா மாதிரி மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தாள்.